முட்டு இல்லாத உத்திரம்

காரை விட்டு இறங்கிய லோகப்பிரியா பெட்டியைக்கூட எடுக்கவில்லை. நேராக ஆசாரத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். முட்டு இரண்டையும் காணோம்.

ஆசாரம் என்பது மாடி வைத்த அந்த மெத்தை வீட்டின் பெரிய கூடம். ஊரே வந்து உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும். அதன் குறுக்கே சுவருக்குச் சுவர் ஒற்றை உத்திரம் ஒன்று ஓடுகிறது. மேல்மாடியின் பாரம் முழுக்க அதன் முதுகில்தான். போன வாரம் முகூர்த்தக்கால் நட்டபோது அவள் வந்திருந்தாள். அப்போது உத்திரத்துக்கு அடியில் பருத்த வேப்பந்தண்டுகள் இரண்டு முட்டுக் கொடுத்து நின்றன. இப்போது தண்டு நின்ற இடத்தில் மாக்கோலம் போட்டிருந்தது. உத்திரத்துக்குப் புதுப் பலகையில் உறை போட்டு, பாலிஷ் ஏற்றி, மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டிருந்தார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அவளோ அதற்குமேல் அங்கே நிற்காமல் அம்மாவைத் தேடிப் போனாள்.

அம்மா பூவாத்தாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வாழையிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, முட்டுத்தடியை எடுத்தது ஆரு?"

பூவாத்தாள் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெல்லப் பேசு அம்மணி. ஒரம்பரை சனமெல்லாம் வந்திருக்குது."

"அதனாலதானுங்க கேக்கறேன். சாயந்திரம் அத்தனை சனமும் அதுக்கடியிலதான உக்காரும்?"

"உங்கப்பாதான் எடுக்கச் சொல்லிப்போட்டாரு. தம்பிக்குப் பேசின பொண்ணோட தாய்மாமன் சென்னியப்பன் ஊடு பாக்க வந்தாருல்ல? மனுசன் சும்மா இருக்காம, 'ஏனுங்க மச்சான், ஊட்டுக்கு வயசாயிப்போச்சாட்டம் இருக்குது, தடி ஊணிக்கிட்டு நிக்குது'ன்னு கேட்டுப்போட்டாரு. கூட வந்தவங்க அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டாங்க. உங்கப்பா அன்னைக்குச் சோறே திங்கலை. அடுத்த நாள் விடிஞ்சதும் தடி ரெண்டும் வெளிய போயிருச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"என்னன்னு சொல்றது? கல்யாண ஊட்டுல நின்னுக்கிட்டு, ஊடு உழு..." பூவாத்தாள் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாரு, என்ற வாயிலயே வரப் பாத்துது. போ கண்ணு, போய் மொகம் கழுவு."

சங்கடமே இதுதான். கல்யாண வீட்டில் ஆகாத வார்த்தை ஒன்று வாயில் வரக் கூடாது. அரிசி தீர்ந்துபோனால்கூட நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். இந்த லட்சணத்தில் வீடு விழும் என்று யார் வாயால் சொல்வது? பந்தல்காரனுக்குத் தெரியும், சமையல்காரனுக்குத் தெரியும், முட்டுத்தடியைத் தூக்கிப் போன பண்ணையாட்களுக்கு நன்றாகவே தெரியும். அத்தனை பேரும் உத்திரத்துக்கு அடியில் வரும்போது மட்டும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்கள். வாயை ஒருவரும் திறக்கவில்லை.

அப்பா திருமூர்த்திக்கு இந்த வீட்டின்மேல் இருந்த பித்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளகோவிலுக்குத் தெற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதன்முதலில் மாடி எழும்பிய வீடு அது. ஆனால் அவர் போத்தனூர்ப் பக்கம் பம்புசெட் ஃபவுண்டரி போட்டுக் குடும்பத்தோடு போன பிறகு, வீட்டைப் பூட்டியது பூட்டியதுதான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தது. கதவின் பித்தளைக் குமிழ்களை எவனோ கழற்றிக்கொண்டு போனான். மொட்டைமாடியில் பெய்த மழை நிதானமாக அறை அறையாகக் கீழே இறங்கியது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவன் யாருக்கோ வழி சொன்னான்: "அந்த வவ்வால் ஊட்டைத் தாண்டி நேராப் போங்க." பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்த திருமூர்த்தியின் காதில் அது விழுந்தது. மனுஷனுக்குப் பாதி டீ இறங்கவில்லை. மகன் சுரேந்தரின் கல்யாணச் சீர் அந்த ஆசாரத்தில்தான் நடக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துத்தான் வீட்டை மீட்டார். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து மரவேலை காண்ட்ராக்டர் அப்துல் குத்தூஸைக் கூட்டி வந்தார். கதவு, ஜன்னல், மாடிப்படி என்று ஒவ்வொன்றுக்கும் உயிர் வந்தது. மேல்மாடியில் புதுக் குளியலறை கட்டினார், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தார், மழை ஒழுகாமலிருக்க மொட்டைமாடியில் கனமாகக் கான்கிரீட் போட்டார். எல்லாம் முடிந்து உத்திரத்தின் பழைய பெயிண்டைச் சுரண்டியபோதுதான் வினை தெரிந்தது. கரையான் உள்ளே குடும்பமே நடத்தியிருந்தது. உளியை வைத்தால் வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

அந்த நீளத்துக்கு மரம் உடனே கிடைக்கவில்லை. அதற்குள் முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது. நட்ட பிறகு கல்யாணம் முடிகிற வரை அந்த வீட்டில் உளிச் சத்தம் கேட்கக் கூடாது, எதையும் இடிக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. அது அந்தக் குடும்பத்து முறை. சரி, அதுவரை முட்டில் நிற்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். இப்போது அந்த முட்டையும் எடுத்தாயிற்று. முட்டுத்தடியை எடுப்பது பிரிப்பதில் சேராதாம். உத்திரத்துக்கு உறை போட்டதுகூட ஆணி அடிக்காமல், சத்தம் வராத திருகாணியில் முடுக்கித்தான். முறை தவறாமல் எல்லாம் செய்திருந்தார் திருமூர்த்தி!

அவர் பந்தலில் வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். லோகா காத்திருந்து அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா, சீரை இந்தப் பந்தல்லயே வெச்சுக்கலாமுங்க. நல்லாக் காத்தாட இருக்குது."

"ஏன், ஆசாரத்துல காத்து வரலியா?"

"முட்டு இல்லீங்களேப்பா."

திருமூர்த்தியின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "நல்ல காரியத்துக்கு வந்திருக்கற. நல்ல வார்த்தையாப் பேசு."

"குத்தூஸ் பாய் என்ன சொன்னாருன்னு உங்களுக்கே தெரியுமுங்க."

"ஓரத்துல கொஞ்சம் அரிச்சிருக்குது. என்ற அய்யன் காலத்துலருந்து நிக்கறது இன்னும் ஒரு பொழுது நிக்காதா? பொண்ணு ஊட்டுக்காரங்களை இந்த ஆசாரத்துல உக்கார வெக்கோணும்னுதான் இத்தனையும் செஞ்சேன். மறுபடி அந்தத் தடியை ஆராச்சும் உள்ள கொண்டாந்தீங்கன்னா, நான் இந்தக் கல்யாணத்துலயே நிக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

பேசுகிற நேரமெல்லாம் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவுக்கும் பயம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது தெரிந்த பிறகு அவளுடைய பயம் இரண்டு மடங்காயிற்று.

மாடிக்குப் போனாள். ஜமக்காளம் விரித்து உறவுக்காரப் பெண்கள் படுத்துக் கிடந்தார்கள், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அறைக் கதவைச் சாத்திப் பார்த்தாள். போன வாரம் விரலால் தள்ளினால் சாத்திக்கொண்ட கதவு, இப்போது பாதியில் தரையைத் தட்டி நின்றது. தரை இறங்கி, கதவு நிலையும் அல்லவா சாய்ந்திருக்கிறது! "பாத்ரூம்ல தண்ணி வரலீங்க, எல்லாரும் கீழ வந்துருங்க" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி அத்தனை பேரையும் கிளப்பினாள். ஒரு சித்தி முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள், "செத்த நேரம் கண்ணசர விட மாட்டீங்களே" என்று. மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புருஷன் கதிர்வேலிடம் சொன்னாள். துடியலூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ஆள், அவனுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியும். அவன் சத்தமில்லாமல் போய்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டான். பொடக்காலியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்ட திருமூர்த்தி, வால்வை மூடி மோட்டாரைப் போட்டுத் தொட்டியை மறுபடி நிரப்பிவிட்டார்.

"நீங்க எங்கப்பாகிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லுங்களே" என்றாள் லோகா.

"நான் மாப்பிள்ளை. மாமனார் ஊட்டுக் கல்யாணத்துல நான் வாயைத் தொறந்தா, பொறாமைல பேசறேம்பாங்க" என்றான் அவன். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

மதியத்துக்குமேல் குத்தூஸ் பாய் மனைவி யாஸ்மினோடு விருந்துக்கு வந்தார். ஆசாரத்து வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மணி, முட்டு எங்க?"

"எடுத்துட்டாங்க பாய்."

"அட அல்லாவே! முட்டு நிக்கும்னு நம்பித்தான் உறை போட்டுக் குடுத்தேன். கவுண்டரு கேட்டாரு, என்னால மறுக்க முடியலை." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "தடியையாவது வெச்சிருக்கீங்களா? நானே தூக்கிட்டு வந்து நிறுத்திடறேன். கவுண்டரு திட்டினாத் திட்டட்டும்."

இருவரும் தடியைத் தேடிப் போனார்கள். சமையல் கொட்டகையில் கோட்டை அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வேப்பந்தண்டிலும் மிஞ்சிய கடைசித் துண்டு அடுப்புக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தது. "நல்ல வெறகுங்க, நின்னு எரியுது" என்றான் சமையல்காரன்.

குத்தூஸ் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளகோவில் மரக்கடைக்குப் போய் வேறு தண்டு கொண்டுவருகிறேன் என்று மனைவியை அங்கேயே விட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் ஆரையும் உள்ள விட்டுடாதீங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். விடாமலிருக்க அவளால் ஆகிற காரியமா அது?

பொழுது சாய்கிற நேரத்தில் பெண் வீட்டார் வேன்களில் வந்து இறங்கினார்கள். திருமூர்த்தி பன்னீர் தெளித்துக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக ஆசாரத்துக்குள் கூட்டிப் போனார். சென்னியப்பன் மேலே பார்த்து, "மச்சான், அசத்திப்போட்டீங்க போங்க" என்றார். திருமூர்த்தியின் முகம் அப்படி மலர்ந்து லோகா அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

சனம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. சுரேந்தர் பட்டு வேட்டியோடு மணைப் பலகையில் வந்து உட்கார்ந்தான், நேர் உத்திரத்துக்கு அடியில். மேளக்காரர்கள் ஓரத்தில் உட்கார்ந்து தவிலைத் தட்டினார்கள். அடி விழ விழ, உத்திரத்து உறையின் இடுக்கிலிருந்து மாவு சலித்த மாதிரி தூள் இறங்கியது. சுரேந்தர் தோளில் கொஞ்சம், மஞ்சள் தட்டில் கொஞ்சம். பூவாத்தாள் அதைப் பார்த்தாள். முந்தானையால் தட்டைத் துடைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

இணைச்சீரில் மாப்பிள்ளைக்கு இணையாக உட்காருகிறவள் உடன்பிறந்தவள். கூறைச்சேலை வைத்த பேழையைச் சுமந்து வருகிறவளும் அவள்தான். அவள் இல்லாமல் சீர் இல்லை, சீர் இல்லாமல் மறுநாள் தாலி இல்லை. சீரை நடத்துகிற அருமைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"வா அம்மணி. வந்து தம்பி பக்கத்துல உக்காரு."

லோகா பேழையோடு வந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள், குத்தூஸ் பாயைக் காணோம். சுற்றி அத்தனை முகம். மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள், பல் போன கிழவர்கள், சிரித்துக்கொண்டிருக்கிற தம்பி. நாக்கு வரை வந்த வார்த்தை அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போயிற்று. பேழையைப் பலகையில் இறக்கி வைத்தாள்.

"நான் இங்க உக்கார மாட்டேனுங்க" என்றாள்.

மேளம் நின்றது. "என்ன அம்மணி சொல்ற?" என்றார் அருமைக்காரர்.

"உக்கார மாட்டேனுங்க. சீர் நடக்கோணும்னா எல்லாரும் வெளிய வாங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து வெளிவாசலுக்கு வந்துவிட்டாள். அவள் இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் நம் சனத்தைப் பற்றித் தெரியாதா? சீர் வேளையில் கூடப்பிறந்தவள் கோவித்துக்கொண்டு போகிறாள் என்றால் உள்ளே எவன் உட்கார்ந்திருப்பான்? சமாதானம் சொல்லச் சிலர், வேடிக்கை பார்க்க மற்றவர்கள் என்று மொத்த ஆசாரமும் அவள் பின்னாலேயே பந்தலுக்கு வந்துவிட்டது. மேளக்காரர்கள்கூடத் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுரேந்தரைக் கதிர்வேல் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"என்ன கொறைன்னு சொல்லு கண்ணு" என்று ஒரு பெரியம்மா கெஞ்சினாள்.

"வேறென்ன கொறை? மெத்தை ஊடு தம்பிக்குப் போகுதேன்னு வெசனம். பங்கு கேக்கறா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சீர்ல உக்காரற நேரமாப் பாத்துக் கேக்கறதா? நல்ல பொண்ணு!" என்றார் சென்னியப்பன்.

லோகாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. அப்பாவைத் தேடினாள். திருமூர்த்தி ஆசாரத்து நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் அவள் ஏன் வெளியே வந்தாள் என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. "சீர் முடியட்டும், அப்பறம் பேசிக் குடுத்தர்றேன். எல்லாரும் உள்ள வாங்க."

கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. பெற்ற அப்பன், வீட்டு மானத்துக்காக மகளைப் பேராசைக்காரி ஆக்கிவிட்டார். அழுகை வரவில்லை, ஆங்காரம் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். காலியாகக் கிடந்த ஆசாரத்தின் நடுவில், உத்திரத்துக்கு நேர் கீழே, அந்தப் பலகையில் பேழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உக்காந்துட்டேனுங்கப்பா" என்றாள். "இப்பக் கூப்பிடுங்க எல்லாத்தையும். பொண்ணு ஊட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. தம்பியைக் கூப்பிடுங்க, கொழந்தைங்களைக் கூப்பிடுங்க. உங்க வாயால ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு இங்க உக்கார வெய்யுங்க. ஒண்ணும் ஆகாதுன்னா தைரியமாக் கூப்பிடுங்க."

"லோகா, வெளிய வா!" என்று கதிர்வேல் கத்தினான். அவள் அசையவில்லை. அவளுக்கும் பயம்தான், பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேலே எங்கேயோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம். தூள் அவள் தலையில் கொட்டியது.

திருமூர்த்தி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கூப்பிடத்தான் திரும்பினார். வாயும் திறந்தது. எதிரே சுரேந்தர் நின்றான், அவன் தோளுக்குப் பின்னால் பெண் வீட்டுக் குழந்தை ஒன்று யார் இடுப்பிலோ உட்கார்ந்து அவரையே பார்த்தது. வார்த்தை வரவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர், வாயைத் திறந்தபடி அத்தனை சனத்துக்கு முன்னால் நின்றார்.

பிறகு திரும்பி விறுவிறுவென்று உள்ளே போய் மகளின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி அம்மணி, எந்திரி. அப்பன் சொல்றேன், எந்திரி."

கையை விடாமல் அவளை வெளியே கூட்டி வந்து பந்தலில் நிறுத்தினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்ற மவ பங்கும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலைங்க. இந்த ஊடு உழுந்துரும்னு காலையிலருந்து சொல்லிக்கிட்டிருக்கறா. முட்டுத்தடியை எடுத்தது நானு. உத்திரம் செல்லரிச்சுப்போனதைப் பலகை போட்டு மூடினதும் நானு. ஆரும் உள்ள போகாதீங்க. ஊடு உழுந்துருமுங்க."

சொல்லக் கூடாத வார்த்தையை இரண்டு தரம் சொல்லிவிட்டார். பூவாத்தாள் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பேழை உள்ளயே இருக்குதுங்களே" என்றார் அருமைக்காரர் மெதுவாக. கூறைச்சேலை அதில்தான் இருந்தது.

"நான் எடுத்தாரேன்" என்று கதிர்வேல் கிளம்பினான். திருமூர்த்தி அவன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். "நீங்க நில்லுங்க மாப்ள. நான் செஞ்சு வெச்ச வேலை."

"வேண்டாமுங்கப்பா!" என்று லோகா அவர் துண்டைப் பிடித்தாள். துண்டு அவள் கையோடு வந்துவிட்டது, அவர் போய்விட்டார்.

தரை அதிராமல் அடி எடுத்து வைத்து நடந்தார். அத்தனை சனமும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அவர் குனிந்து பேழையைத் தொட்ட நேரம், உத்திரத்து உறையின் ஒரு பலகை திருகாணியோடு பிய்ந்து மல்லிகைச் சரத்தை அறுத்துக்கொண்டு அவருக்கு ஓரடி தள்ளி விழுந்தது. அது மூடி வைத்திருந்த இடத்திலிருந்து செம்மண் கொட்டியது. மரம் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கரையான் கட்டிய மண். பெண் வீட்டுப் பெண்கள் வீறிட்டார்கள். திருமூர்த்தி பேழையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார், அதன்மேல் தூசு படாதபடி குனிந்துகொண்டார், அப்படியே குனிந்த வாக்கில் நடந்தார். லோகா நிலையில் நின்று, "வாங்கப்பா, வாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கைக்கு எட்டியதும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

அவர்கள் பந்தலின் நடுவுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். உத்திரம் நடுவில் முறிந்தது. மேல்மாடித் தரை, குளியலறை, மொட்டைமாடிக் கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆசாரத்துக்குள் இறங்கின. நிலம் அதிர்ந்தது. ஜன்னல்கள் அத்தனையிலிருந்தும் சுண்ணாம்புத் தூசு வெளியே பாய்ந்து பந்தலை மூடியது. தூசு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் தலையும் வெள்ளையாக இருந்தது, ஒருவரும் தட்டிவிடவில்லை. சுற்றுச்சுவர் மட்டும் நின்றது, நடுவில் வானம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் குத்தூஸ் பாயின் வேன் தண்டுகளோடு வந்து நின்றது. அவர் இறங்கி, வீட்டைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். யாஸ்மின் ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சென்னியப்பன் தயங்கித் தயங்கித் திருமூர்த்தியிடம் வந்தார். "என்னுங்க மச்சான், சீர் வேளையில இப்படிச் சகுனம் ஆயிப்போச்சே."

திருமூர்த்தி இடிந்த வீட்டின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கண் நிறைந்து, கன்னத்துத் தூசில் கோடு கோடாக இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உள்ள ஆருமில்லீங்களே மச்சான்" என்றார். "அதைக் காட்டிலும் நல்ல சகுனம் எனக்கு வேணுமுங்களா?"

சென்னியப்பன் குனிந்தார். தரையில் கிடந்த ஒரு ஜமக்காளத்தை எடுத்து உதறி, தானே பந்தலில் விரித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். யாரோ சமையல் கொட்டகையிலிருந்து இரண்டு பலகை கொண்டுவந்து போட்டார்கள். சுரேந்தர் வந்து நின்றான். அருமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவுண்டரே, உக்கார வெச்சரலாமுங்களா?" என்று கேட்டார்.

திருமூர்த்தி பேழையை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. மகளிடம் வந்தார்.

"நீ சொல்லு அம்மணி. இங்க உக்காரலாமா?"

லோகா அண்ணாந்து பார்த்தாள். தென்னங்கீற்றையும் மூங்கிலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பந்தல்கால் ஒன்றைக் கையால் அசைத்துப் பார்த்தாள். அதுவரை அத்தனை பேரும் நின்றுகொண்டே காத்திருந்தார்கள், அப்பாவும்தான்.

"உக்காரலாமுங்கப்பா" என்றாள்.

அவர் பேழையை அவள் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.